மில்லுக்கு அடியில் கிடந்த மண்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனாலும் காரைக்குடியில் என் மாவு மில்லைத் தெரியாத அடுப்பங்கரை கிடையாது. தேவகோட்டையிலிருந்து பஸ் ஏறி வந்து மிளகாய் அரைத்துப் போகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த மில்லின் ஒவ்வொரு செங்கலும் நான் வைத்தது. அடியில் கிடந்த மண் மட்டும் என்னுடையதில்லை. இருபத்திரண்டு வயதில், கண்டனூர் பெரிய வீட்டு அப்பச்சியிடம் வெறும் பொட்டலாக வாடகைக்குப் பிடித்த மனை அது.

அப்பச்சி காலமான பிறகு மனை ஒன்பது பங்காளிகள் கைக்குப் போனது. ஒருவர் சென்னை, ஒருவர் சிங்கப்பூர். இடத்தைக் காலி செய்யச் சொல்லி எல்லோரும் சேர்ந்து என்மேல் வழக்குப் போட்டார்கள். சம்மனைக் கையெழுத்துப் போட்டு வாங்கி, காலண்டருக்குப் பின்னால் செருகிவிட்டேன்.

பயமா? எனக்கா? பங்காளிகளின் அந்தக் கண்டனூர் வீடு கல்யாணத்துக்குத்தான் திறக்கும். அன்றைக்குத்தான் ஒன்பது பேரையும் ஒன்றாகப் பிடிக்க முடியும். அடுத்த மாதமே ஒரு கல்யாணம் இருந்தது.

"பந்தியிலயே பேசி முடிச்சிருவேன், பாரு" என்று மனைவியிடம் மார்தட்டினேன்.

"நீங்க பேசுன பேச்சுக்கு இந்நேரம் ஊரே நம்ம பேர்ல இருக்கணும்" என்றாள்.

கல்யாணத்துக்கு முதல் நாள், எங்கள் தெரு வக்கீலம்மா மல்லி அரைக்க வந்தார். மிஷின் சத்தத்துக்கு மேலே கத்தி, என் திட்டத்தை அவருக்கும் சொன்னேன்.

"சம்மன் என்னைக்கு வாங்குனீக?"

காலண்டரைக் காட்டினேன். பின்னாலிருந்த காகிதத்தை உருவிப் படித்தவர் முகம் மாறியது.

"ஐயா, கட்டடம் நீங்க கட்டுனது. காலி பண்ணச் சொல்லிக் கேஸ் போட்டா, அடிமனைய எனக்கே வித்துருன்னு கேக்க உங்களுக்குச் சட்டத்துல உரிமை இருக்கு. கோர்ட்டே வெலை வைக்கும். ஆனா சம்மன் வாங்குன ஒரு மாசத்துக்குள்ள மனுப் போடணும். நாளையோட முடியுது!"

மிஷினை நிறுத்திவிட்டேன்.

"நாளைக்கு முகூர்த்தமாச்சே?"

"மொய்ய நாளக்கழிச்சுக்கூட வைக்கலாம். மனு வைக்க முடியாது."

மறுநாள் கல்யாணத்துக்கு எடுத்து வைத்த பட்டுக்கரை வேட்டியோடு கோர்ட்டில் நின்றேன். என் பேரில் கட்டிய வீட்டுவரி ரசீதுகளை மனைவி அரிசிப் பானைக்கடியிலிருந்து எடுத்துக் கொடுத்திருந்தாள். மனு உள்ளே போனது. நெஞ்சு மிஷின் மாதிரி அடித்தது, போங்கள்!

சாயங்காலம் கண்டனூர் போய்ச் சேர்ந்தேன். பங்காளிகளில் மூத்தவர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"வாங்க மில்லுக்காரரே, முகூர்த்தத்துக்கே காணோம்? என்னமோ பேசணும்னு சொல்லிவிட்டீகளாமே?"

"கோர்ட்டுல பேசிட்டு வந்துட்டேன். மனைய எனக்கே வித்துருங்கன்னு மனுப் போட்டாச்சு."

"ஒம்பது பேரும் ஒத்துக்கணுமே?"

"கோர்ட்டு ஒத்துக்கிட்டாப் போதுமாம்."

அவர் முகம் சிவந்தது. உள்ளேயிருந்து அந்த வீட்டு மூத்த ஆச்சி குரல் கொடுத்தார்: "அவரச் சாப்பிட விடுங்கப்பா. மனையச் சுருட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டா ஓடப்போறாரு!" பந்தியே சிரித்தது. நானும்தான்.

பிறகு மனையை அளக்கக் கோர்ட் அனுப்பிய கமிஷனர் டேப்போடு வந்தார். மில்லுக்கு எவ்வளவு இடம் அவசியமோ அவ்வளவுதான் கிடைக்குமாம். "ஒரு மூலையில பத்து மிஷின் ஓட்டுவேன்னு அளந்து விட்டுறாதீக" என்று மனைவி காலையிலேயே எச்சரித்திருந்தாள். வாழ்க்கையில் அன்று ஒரு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மில்லும் மிளகாய் காயப்போடும் களமும் எனக்கு என்று தீர்ப்பானது. பின்னாலிருந்த முள்ளுக்காடு அவர்களுக்கு. வைத்துக்கொள்ளட்டும்.

கோர்ட் வைத்த விலையைக் கட்டி முடித்து, பத்திரம் கைக்கு வந்த அன்று, எழுத்துக்கூட்டிப் படிக்கப் பொறுமை இல்லாமல் மனைவியிடம் நீட்டினேன். நான்கெல்லையையும் படித்து, "இதற்குட்பட்ட மனை" என்ற இடத்தில் என் பெயரைச் சொன்னாள்.

"இன்னொரு வாட்டி படி."

படித்தாள்.

"இன்னும் ஒரே ஒரு வாட்டி."

"வெளிய மூணு பேரு மிளகாயோட நிக்கிறாக. போங்க, உங்க மண்ணுல நின்னு அரைங்க!"