நாலாம் நம்பர் சட்டை

மாரண்டஹள்ளி தக்காளி மண்டியில் ஏலம் கூவுகிற மாதப்பனுக்கு அன்று காலையிலிருந்தே வயிறு எரிந்துகொண்டிருந்தது. சாப்பாட்டால் வந்த எரிச்சல் இல்லை, மண்டி வாசலில் கட்டியிருந்த பேனரால் வந்தது. கபடி சீசன் தொடக்கம், மகளிர் ஆட்டம், நேர்முக வர்ணனை முன்னாள் ரயில்வே வீரர் ராஜாமணி என்று போட்டு, கூலிங் கிளாஸ் மாட்டிய ராஜாமணியின் முகத்தை லாரி டயர் அளவுக்கு அச்சடித்திருந்தார்கள். மாதப்பன் பேர் எங்கேயும் இல்லை. நன்றி சொல்கிற மூலையில் மைக் செட்காரன் பேர்கூட இருந்தது. மாதப்பன் இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டான்.

இருபத்து மூன்று வருஷம்! தை பிறந்தால் இந்த ஊரில் கபடி சீசன் தொடங்குவது மாதப்பனின் தொண்டையில்தான். விடியற்காலையில் பெட்டி பெட்டியாகத் தக்காளிக்கு விலை கூவிப் பழகிய தொண்டை. பாடிப் போகிற ஆள் யார், எந்த ஊர், அப்பன் பேர் என்ன, போன வருஷம் எந்தக் காலில் அடிபட்டான், எல்லாம் அவனுக்கு அத்துப்படி. ஒருமுறை புள்ளிக் கணக்கில் தகராறு வந்து நடுவரே திணறியபோது கூட்டம் கேட்டது ஒரே கேள்விதான்: "மாதப்பன் மைக்குல என்ன சொன்னான்?" மைக்கில் வந்துவிட்டால் அது நடந்ததுதான். அப்படி ஒரு பேரைச் சம்பாதித்து வைத்திருந்தான்.

இந்த வருஷம் அவனுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. பாலக்கோட்டில் காலேஜ் படிக்கிற மகள் கலைமதி முதல்முறையாக ஊர் மகளிர் அணியில் சேர்ந்திருந்தாள். மாற்று ஆட்டக்காரிதான், ஆனாலும் அணி அணிதானே. "இதோ வருது நம்ம கலைமதி, மாரண்டஹள்ளி மாதப்பன் பெத்த புள்ள!" என்று குளிக்கும்போதெல்லாம் சொல்லிப் பழகினான். மனைவி பானுமதி வெளியே நின்று, "தண்ணிய ஊத்திக்கிட்டு வெளிய வாங்க, பாத்ரூமுக்குள்ள யாரும் கபடி ஆடல," என்பாள்.

அந்த ஒரு வரியைச் சொல்வதற்குத்தான் அவனுக்கு மைக் வேண்டும். ஆனால் மைக் ராஜாமணிக்குப் போய்விட்டது.

ராஜாமணி யாரோ எவரோ இல்லை. இருவரும் ஒரே அணியில் ஆடியவர்கள். சேலத்தில் நடந்த ரயில்வே அணித் தேர்வில் ராஜாமணியை எடுத்தார்கள், மாதப்பனை எடுக்கவில்லை. "அன்னைக்கு எனக்குக் காய்ச்சல்" என்று இருபத்தெட்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். காய்ச்சலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ராஜாமணியின் கணுக்காலைப் பிடித்தான், பிடி நழுவியது, அவ்வளவுதான். நழுவிய கால் ரயில்வே வேலைக்குப் போனது, சென்னையில் வீடு கட்டியது, இப்போது முன்கூட்டியே ஓய்வு வாங்கி டிவியில் கபடி பற்றிப் பேசுகிறது. டிவியில் அவன் முகம் வந்தாலே மாதப்பன் சேனலை மாற்றிவிடுவான். பானுமதி சீரியல் பார்ப்பதற்காகவே கபடிச் சேனலைப் போட்டுவிட்டு, அவனே மாற்றட்டும் என்று உட்கார்ந்திருப்பாள்.

கமிட்டிச் செயலாளர் பிரபாகர் மத்தியானம் மண்டிக்கு வந்தான். உரக்கடை வைத்திருக்கிற சின்ன வயசுக்காரன். "அண்ணா, கோவிச்சுக்காதீங்க. இப்பல்லாம் பெரிய பிளேயருங்கதான் கமெண்ட்ரி குடுக்கறாங்க. கூட்டம் சேரும். நீங்க பக்கத்துல உக்காந்து, பேரு மட்டும் எழுதிக் குடுத்தீங்கன்னா போதும்."

"நான் எழுதறேன், அவன் படிப்பானா?"

"ஆமாங்கண்ணா. உங்கள விட்டா யாருக்குங்க தெரியும்?"

புகழ்ந்து மிதிப்பது என்றால் இதுதான். மாதப்பன் தலையை ஆட்டினான்.

மூன்று மணிக்கு மைதானம் நிரம்பிவிட்டது. பெண்கள் அணி சட்டை போட்டு வந்ததும் கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. செலவு பிரபாகருடையது, அதனால் முதுகு முழுக்க உரக்கடைப் பேர், அதற்குக் கீழே கடை போன் நம்பர். ஆட்டக்காரியின் எண்ணோ இடுப்புக்குக் கீழே, சுண்டைக்காய் அளவுக்கு. கலரோ பூச்சி மருந்து டப்பாவின் பச்சை. "ஏம்பா, இந்தப் புள்ளயப் புடிக்கணும்னா போன் போட்டுட்டுத்தான் புடிக்கணுமா?" என்று ஒரு கிழவர் கேட்க, சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். வேறு நாளாக இருந்தால் மாதப்பன் அதை மைக்கில் சொல்லி மைதானத்தையே சிரிக்க வைத்திருப்பான். இப்போது அந்தச் சிரிப்பும் யாருக்கோ சொந்தம்.

ராஜாமணி மேடைக்கு வந்தான். மாலை, சால்வை, செல்ஃபி. "அண்ணா, கொஞ்சம் தள்ளிக்குங்க, போட்டோல விழறீங்க," என்று ஒரு பெண் மாதப்பனிடம் சொன்னாள். தள்ளிக்கொண்டான். ராஜாமணி மைக்கைப் பிடித்ததும் சொன்ன முதல் வார்த்தையே இதுதான்: "இங்க உக்காந்திருக்கறது என் பழைய தோஸ்த் மாதப்பன். நல்லா ஆடுவான். பாவம், ஊரோடயே இருந்துட்டான்."

பாவமாம்! அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது மாதப்பனுக்கு. பட்டியல் எழுதித் தந்திருந்தான், எண்ணும் பேரும் சரியாகத்தான் இருந்தன. ஆனால் ஒன்றை எழுதவில்லை. இந்த ஊர் அணிக்கு எப்போதும் ஏழு சட்டைதான். மாற்று ஆள் இறங்கினால், வெளியே போகிறவள் டி-சர்ட்டுக்கு மேல் மாட்டியிருக்கிற சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போவாள், இறங்குகிறவள் அதைப் போட்டுக்கொள்வாள். எண் சட்டைக்குத்தான், ஆளுக்கு இல்லை. ஆள் மாறியதை மைக்கில் சொல்வது அறிவிப்பாளன் வேலை. ஆளுக்கு நாலு சட்டை கொடுக்கிற இடத்தில் ஆடிய ராஜாமணிக்கு இது எங்கே தெரியும்? தெரிய வேண்டாம். படட்டும் என்று மாதப்பன் கால் மேல் கால் போட்டுக்கொண்டான்.

எதிரணி பொம்மிடி. பத்து நிமிஷத்திலேயே செம்மண் அப்பி எல்லா முகமும் ஒன்றாகிவிட்டது. "சட்டைய வெளிய எடுத்து விடுங்கம்மா, நம்பர் தெரியல," என்று ராஜாமணி மைக்கிலேயே கெஞ்சினான். ஏழாம் எண் பூவிழி மூச்சு வாங்கி வெளியே போக, அவள் சட்டையோடு தெரசா இறங்கினாள். "பூவிழி! என்ன ஒரு பாய்ச்சல் பூவிழி!" என்று ராஜாமணி முழங்கினான். பூவிழி அந்த நேரம் பெஞ்சில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தாள். மேடைக்குப் பக்கத்தில் இருந்த உள்ளூர்க்காரர்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

ராஜாமணி குனிந்து கேட்டான். "ஏன் மாதப்பா சிரிக்கறாங்க? தப்பா ஏதும் சொன்னேனா?"

"ச்சே ச்சே. சும்மா கத்துவானுங்க. நீ பேசு."

அடடா, எவ்வளவு இனித்தது அது! இருபத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு கணுக்கால் கையில் சிக்கிய மாதிரி இருந்தது.

ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம். பொம்மிடி ஒரு புள்ளி முன்னே. நாலாம் எண் நிர்மலா கணுக்கால் பிசகி உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பேர் கைத்தாங்கலாக வெளியே கொண்டுபோனார்கள். கோட்டோரம் ஒருத்தி அவசரமாக நிர்மலாவின் சட்டையைத் தலை வழியாக இழுத்துக்கொண்டிருந்தாள். தலை வெளியே வந்தது.

கலைமதி.

மாதப்பன் காலைக் கீழே போட்டான். "ராஜா," என்றான். ராஜாமணிக்குக் கேட்கவில்லை. எழுந்து நின்று, ஒரு கையில் மைக்கும் மறு கையில் பட்டியலுமாக, தன்னை மறந்து பேசிக்கொண்டிருந்தான். "நாலாம் நம்பர்! அடிபட்ட காலோட திரும்பி வந்துட்டாங்க நிர்மலா! இதுதாங்க வீரம்!"

"ராஜா, அது நிர்மலா இல்லடா!" மாதப்பன் எழுந்து மைக்கின் பக்கம் கையை நீட்டினான். பின்னாலிருந்து பிரபாகர் அவன் தோளை அமுக்கினான். "அண்ணா, வேணாங்கண்ணா. நீங்க மைக்கப் புடுங்குவீங்கன்னு எனக்கு அப்பவே தெரியும். ஊரு பாக்குது, உக்காருங்க."

"டேய், அது என் மவடா!"

கூட்டத்தின் கத்தலில் அது பிரபாகர் காதில்கூட விழவில்லை. கலைமதி பாடிப் போனாள். இடது மூலையில் ஒருத்தியைத் தொட்டாள், திரும்பும்போது இடுப்பைப் பிடித்தவளையும் இழுத்துக்கொண்டு கோட்டில் விழுந்தாள். இரண்டு புள்ளி. விசில். "நிர்மலா! நிர்மலா! நிர்மலா!" என்று நாலு குழாய் ஸ்பீக்கரும் அலறின. தூரத்து ஊர்களிலிருந்து வந்த கூட்டமும் அதையே பிடித்துக்கொண்டு கத்தியது. கலைமதி மண்ணிலிருந்து எழுந்து மேடையைப் பார்த்தாள். அப்பா மைக்குக்குப் பக்கத்திலேயே இருந்தான்.

அந்த ஒரு புள்ளியில் ஊர் அணி ஜெயித்து, மேடைக்கு வந்தபோது அவள் அழவில்லை. ராஜாமணிதான் விஷயம் தெரிந்து தவித்தான். "மன்னிச்சுக்கம்மா. இப்படி சட்டை மாத்தற வழக்கம்னு எனக்குத் தெரியாது. நடுவுலகூட உங்கப்பாவக் கேட்டேன், தப்பா சொல்றேனான்னு. இல்லன்னு சொன்னான்." மைக்கை மாதப்பனிடம் நீட்டினான். "இந்தா, நீயே சொல்லிடு. இன்னும் கூட்டம் கலையல."

மைக் கைக்கு வந்துவிட்டது. அதே கனம், அதே சில்லிப்பு. குளிக்கும்போது பழகிய வரி தொண்டை வரை வந்தது. மகளைப் பார்த்தான்.

"நீ சொல்ல வேணாம்ப்பா," என்றாள். "பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு ஏன் அப்பவே சொல்லலன்னு கேப்பாங்க. என்ன சொல்லுவ?"

சட்டையைக் கழற்றி மடித்தாள், நிர்மலாவிடம் கொடுக்கப் போய்விட்டாள். மாதப்பன் மைக்கைத் திருப்பிக் கொடுத்தான். குழாயில் சினிமாப் பாட்டு தொடங்கியது.

மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வீட்டிலேயே இருந்துவிட்ட பானுமதி வாசலிலேயே கேட்டாள். "கடைசி வரைக்கும் ஸ்பீக்கருக்குக் காதக் குடுத்துக்கிட்டே இருந்தேங்க. நம்ம புள்ளய எறக்கவே இல்லயா?" கலைமதி உள்ளே போனாள். மாதப்பன் மாட்டுக் கொட்டகைப் பக்கம் திரும்பினான்.

மறுநாள் விடியற்காலையில் மண்டி. நல்லம்பள்ளியிலிருந்து தக்காளி வாங்க வந்த வியாபாரி ஒருவன் பெட்டியைக் கிளறிக்கொண்டே சொன்னான். "நேத்து ஆட்டம் பாத்தேங்க. அந்த நிர்மலா புள்ள! அடிபட்ட காலோட வந்து ரெண்டு பேர இழுத்துக்கிட்டு வந்துச்சே. எங்க ஊருல ராத்திரியெல்லாம் அதே பேச்சுதான்."

"அது நிர்மலா இல்ல," என்றான் மாதப்பன். குரல் அவனுக்கே கேட்கவில்லை, கனைத்துக்கொண்டு மறுபடி சொன்னான். "கலைமதி. என் மவ."

வியாபாரி தக்காளியிலிருந்து தலையைத் தூக்கி அவனை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு சிரித்தான்.

"போங்கண்ணா. மைக்குலயே சொன்னாங்களே!"