இல்லாத பைக்கு நான் போட்ட கையெழுத்து

பாப்பா, தம்பி, அந்த ராஜகுமாரன் கதைப் புத்தகம் எங்கே என்று இரண்டு பேரும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். எலி தின்றுவிட்டது என்று ஒரு நாள் சொன்னேன். பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டேன் என்று இன்னொரு நாள் சொன்னேன். இரண்டும் பொய். புத்தகம் வீட்டில்தான் இருக்கிறது. அது எங்கே இருக்கிறது, ஏன் அங்கே போனது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்குக் கன்னடம் ஓடும், தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். எனக்கு நேர்மாறு. எட்டாவது வரை சத்தியமங்கலத்தில் மாமா வீட்டில் தங்கித் தமிழில் படித்தவன் நான். அதனால் மெதுவாகப் படியுங்கள்.

அந்தப் புத்தகத்தை இங்கே மைசூரில், தேவராஜ மார்க்கெட்டுக்கு வெளியே நடைபாதையில் வாங்கினேன். அவ்வளவு பெரிய கன்னடப் புத்தகக் குவியலில் தமிழில் அது ஒன்றுதான் இருந்தது. நீங்கள் இரண்டு பேரும் அதை வைத்துத்தான் தமிழ் எழுத்துப் பழகினீர்கள். நடுப்பக்கத்தில் படம். ராஜகுமாரன் வெள்ளையடித்த சுவர் மாதிரி இருப்பான். அவன் வெட்டப்போகிற அசுரன் தார் டப்பாவில் விழுந்து எழுந்தவன் மாதிரி, சுருட்டை முடியும் தடித்த உதடுமாக. நான் அசுரன் குரலில் பேசினால் தம்பி போய் அம்மா சேலைக்குள் ஒளிந்துகொள்வான். பாப்பா, நீ ஒரு நாள் கேட்டாய்: "இவன் என்னப்பா பண்ணினான்? எதுக்கு வெட்டறாங்க?"

"அசுரன்னா அசுரன்தான். அதுக்கு மேல என்ன கேள்வி?" என்றேன்.

நீ படத்தைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். "நீங்களும் இந்தக் கலர்தானேப்பா." உங்கம்மா சிரித்த சிரிப்பில் பால் பொங்கிவிட்டது. நானும் சிரித்தேன். அத்தோடு அந்தக் கேள்வியை விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது.

அந்த வருஷம் ரிங் ரோட்டுக்கு அந்தப் பக்கம், புது லேஅவுட்டில் ஒரு பெரிய வீட்டுக்குப் பெயிண்ட் வேலை. நான் மேஸ்திரி, எனக்குக் கீழே மூன்று பேர். ஆள் போதவில்லை என்றதும் கான்ட்ராக்டர் இன்னொருவனை அனுப்பினார். நல்ல உயரம், என்னைவிடக் கறுப்பு, சுருட்டை முடி. வெளிநாட்டுக்காரன் என்று நினைத்து, தெரிந்த இங்கிலீஷையெல்லாம் கூட்டி, "யூ... பெயிண்ட்... நோ?" என்று கேட்டேன்.

"கன்னடத்துல பேசுங்க அண்ணா. இங்கிலீஷ் எனக்கு வராது" என்றான்.

கர்நாடகாவிலேயே வடக்கே, எல்லாப்பூர் பக்கம் காட்டுக்குள் அவன் ஊர். சித்திகள் என்று அந்த ஜனத்துக்குப் பெயர். நம் உறவுமுறைச் சித்தி இல்லை. எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கப்பலில் கொண்டுவரப்பட்டவர்களின் வழி வந்தவர்கள். அவனுக்கு ஆப்பிரிக்கா எந்தத் திசை என்றுகூடத் தெரியாது. கன்னடம் மட்டும் என்னைவிட நூறு மடங்கு சுத்தம். டீக்கடைக்காரர் அவனைப் பார்த்ததும் பத்து விரலையும் விரித்து, "டென் ருபீஸ், டென்" என்பார்.

"ஹத்து ரூபாயா? இவருக்கு எட்டுதானே வாங்கின குரு? கலர் பார்த்தா ரேட்டு?" என்பான் அவன். கடையே சிரிக்கும். டீக்கடைக்காரரும் சிரிப்பார். மறுநாள் மறுபடியும் "டென் ருபீஸ்".

அவனுக்கு யாரும் வாடகைக்கு அறை தரவில்லை. நாங்கள் வேலை செய்த வீட்டிலேயே, மாடிப்படிக்குக் கீழே படுத்துக்கொண்டான். அவன் சொத்தெல்லாம் ஒரு காலி பெயிண்ட் பக்கெட்டில் இருந்தது. பெயிண்டர்கள் எல்லாருமே அப்படித்தான், நீங்கள் என்னைப் பார்த்திருக்கிறீர்கள். பை கொண்டுபோனால் ஒரே வாரத்தில் பெயிண்ட் ஒட்டி நாறிவிடும். சாப்பாட்டு டப்பா, மாற்றுச் சட்டை, துண்டு எல்லாவற்றையும் பக்கெட்டில் போட்டு மூடியை அழுத்திவிடுவோம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் வீட்டுக்காரர் வேலையைப் பார்க்க வந்தார். கை கழுவும்போது கடிகாரத்தைக் கழற்றிச் சமையல் மேடையில் வைத்தார். மத்தியானத்துக்குப் பிறகு கடிகாரத்தைக் காணோம். நாங்கள் ஐந்து பேரும் சமையலறைக்குள் போய் வந்தவர்கள்தான். டைல்ஸ்காரரும் போனார், எலக்ட்ரீசியனும் போனார். சாயங்காலம் போலீஸ்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். எங்கள் யாரையும் பார்க்கவில்லை, நேராக அவனிடம் போனார்கள்.

"பாஸ்போர்ட் எடு."

"நான் எல்லாப்பூர்காரன் ஸ்வாமி. ஆதார் இருக்கு."

"பார்ரா, எவ்வளவு நல்லா கன்னடம் கத்துக்கிட்டிருக்கான்!"

"கத்துக்கல சார். எங்கம்மா பேசினது."

அதற்குத்தான் முதல் அறை விழுந்தது. கடிகாரத்துக்காக இல்லை.

அவனை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். நான் கேட்டுக்குப் பக்கத்தில் குழாயடியில் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார்கள். ஜீப்பின் முன்பக்கம் இரண்டு தாள் விரித்திருந்தது.

"மேஸ்திரி நீயா? எந்த ஊரு?"

"அனூர் பக்கம் சார், பார்டர் ஓரம்."

"தமிழா?"

ஈரக் கையைச் சட்டையில் துடைத்தேன். காவிரித் தகராறு வரும்போதெல்லாம் சைட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, உங்கம்மா போன் பண்ணினால்கூடக் கன்னடத்தில் பேசியவன் நான். அந்த ஒரு வார்த்தைக் கேள்வி என்னை எங்கே பிடிக்கும் என்று கேட்டவருக்கு நன்றாகத் தெரியும்.

"போடு கையெழுத்து. மகஜர்தான். சும்மா சாட்சிக்கு."

மகஜர் என்றால், ஒரு பொருளை எங்கே, யாரிடமிருந்து எடுத்தோம் என்று போலீஸ் எழுதி, பக்கத்தில் நின்று பார்த்தவர்களிடம் கையெழுத்து வாங்குகிற தாள். நான் பக்கத்தில் நிற்கவில்லை, எதையும் பார்க்கவில்லை. கடிகாரம் கிடைத்ததா என்றுகூட எனக்குத் தெரியாது. தாளைப் படிக்கவும் இல்லை. பிரஷ்ஷைத் தண்ணீரில் முக்கி எடுக்கிற நேரம்தான் ஆனது. தமிழில் போட்டேன். "என்னடா இது, கோழி கிறுக்கினாப்ல?" என்று ஒருவர் சிரித்தார். நானும் சேர்ந்து இளித்தேன். ஜீப்பில் ஏறும்போது அவன் என்னைப் பார்த்தான். மேஸ்திரி ஒரு வார்த்தை சொல்லுவார் என்று நினைத்திருப்பான்.

ஜாமீனுக்கு உள்ளூரில் வீடு, நிலம் உள்ளவர் யாராவது கையெழுத்துப் போட வேண்டுமாம். அவனுக்கு மைசூரில் யார் இருக்கிறார்கள்? நான் வாடகை வீட்டுக்காரன். எனக்குத் தெரிந்தவர்களிடம் கேட்டுப் பார்த்திருக்கலாம். கேட்கவில்லை. ஒரு கைக்கடிகாரத்துக்காக அவன் மாதக்கணக்கில் உள்ளே இருந்தான். இதே ஊரில் காரை ஏற்றி ஆளைக் கொன்றவன்கூட அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்து காபி குடிக்கிறான்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனுடைய அக்கா நம் வீட்டைத் தேடி வந்தது. தம்பி, கதவைத் திறந்தவன் நீதான். திறந்ததும் நீ போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது: "அப்பா! அசுரன் வீட்டு அக்கா வந்திருக்குது!"

அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. "குழந்தை என்ன சொல்றான்?" என்று கன்னடத்தில் சிரித்துக்கொண்டே கேட்டது.

"வாங்கன்னு கூப்பிடறான்" என்றேன். உங்கம்மா அடுப்படிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உன் மேல் தப்பில்லை தம்பி. உனக்கு அந்த முகத்தை அசுரன் முகமாகக் காட்டியவனே நான்தான், தினமும் குரல் மாற்றி மாற்றி.

அந்த அம்மா பிளாஸ்டிக் கவருக்குள்ளிருந்து மகஜரின் ஜெராக்ஸை எடுத்தது. "இதுல உங்க கையெழுத்து எது அண்ணா?" கீழே இரண்டு கையெழுத்து, ஒன்று கன்னடம், ஒன்று தமிழ். கேட்கவே தேவையில்லை. பாப்பா, எழுதியிருந்தது கன்னடத்தில் என்பதால் உன்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் பாடம் படிக்கிற மாதிரி சத்தமாகத்தான் ஆரம்பித்தாய். நிறம் கறுப்பு, சுருட்டை முடி, தடித்த உதடு என்று வந்தபோது உன் குரல் இறங்கியது. அந்த அக்காவை நிமிர்ந்து பார்க்காமலே மேலே படித்தாய். "தன்னுடைய கறுப்பு நிறத் தோள்பையிலிருந்து கைக்கடிகாரத்தை எங்கள் முன்னிலையில் தானாகவே எடுத்துக் கொடுத்தான்." தமிழில் எனக்கு ஒருமுறை சொல்லிவிட்டுக் கேட்டாய்: "எங்கள் முன்னிலையிலன்னா... நீங்க இருந்தீங்களாப்பா?"

 "பையா?" என்றேன். "அவன்கிட்ட ஏது பை?"

"அதை மட்டும் கோர்ட்டுல சொல்லுங்க அண்ணா" என்றது அவனுடைய அக்கா. "அவன் நல்லவன்னு சொல்ல வேண்டாம். நீங்க பார்க்காததைப் பார்க்கலன்னு சொன்னாப் போதும்." உங்கம்மா கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, ஜெராக்ஸை என்னிடமே விட்டுவிட்டுப் போனது.

"நமக்கெதுக்குங்க போலீசுப் பகை? நாம பொழைக்க வந்த சனம்" என்றாள் உங்கம்மா. அவள் மேல் கத்தினேன். எனக்குள் இருந்ததைத்தான் அவள் வாய்விட்டுச் சொன்னாள். அதனால்தான் அவ்வளவு கோபம்.

சாட்சி சொல்லப் போன அன்று கோர்ட் வராந்தாவில் அவனைப் பார்த்தேன். பாதி ஆளாகிவிட்டிருந்தான். திட்டுவான் என்று நினைத்தேன். "என் பக்கெட் பத்திரமா இருக்கா அண்ணா?" என்று கேட்டான்.

"இருக்குப்பா" என்றேன். அதில் நான் சுவருக்குப் பூசுகிற பட்டி மாவு கலக்கிக்கொண்டிருந்தேன்.

நான் கூண்டில் ஏறியதும் அரசு வக்கீல் மகஜரைக் காட்டினார். "இது உன் கையெழுத்தா?"

"என்னுதுதான் சாமி. ஆனா நான் எதையும் பார்க்கல. அவன்கிட்ட பையே கிடையாது. பக்கெட்டுதான்."

"என்ன பக்கெட்?"

சொன்னேன். சாப்பாட்டு டப்பாவையும் சட்டையையும் பக்கெட்டில் வைப்பதை விவரமாகச் சொன்னேன். இரண்டு வக்கீல்கள் சிரித்தார்கள். அரசு வக்கீல் சிரிக்கவில்லை. என்னைப் பிறழ்சாட்சி ஆக்க அனுமதி கேட்டார். பிறகு என்னையே குற்றவாளி மாதிரி விசாரித்தார். "எவ்வளவு வாங்கினே அவன்கிட்ட?"

"அவன்கிட்ட ஏது சாமி? டீக்கே கணக்குப் பார்ப்பான்."

நான் சொன்னதை டைப் அடித்து நீட்டினார்கள். "சைன் மாடு, சைன் மாடு" என்று கையெழுத்துக்கு அவசரப்படுத்தினார் குமாஸ்தா.

"படிச்சுட்டுப் போடறனுங்க."

"உன்னைப் படிக்க விட்டா கோர்ட் மூடிருவாங்க."

"படிக்கட்டும்" என்றார் மாஜிஸ்திரேட் அம்மா. விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். எவ்வளவு நேரமோ ஆனது. எனக்குப் பின்னால் காத்திருந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். 'பக்கெட்' சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்து அவனுடைய வக்கீலம்மாவிடம் கேட்டேன், பிறழ்சாட்சி என்றால் என்ன என்று. முன்னால் சொன்னதை மாற்றிச் சொல்கிறவன் என்றார்.

"நான் முன்னால ஒண்ணுமே சொல்லலையேம்மா. கையெழுத்துதானே போட்டேன்?"

"கையெழுத்துப் போட்டா சொன்ன மாதிரிதான்."

பொய்த் தாளில் கையெழுத்துப் போட்ட அன்றைக்கு நான் நல்ல சாட்சி. உண்மையைச் சொன்ன அன்றைக்கு மாற்றிப் பேசுகிறவன். அந்த மகஜரை எழுதியவரை யாரும் கூண்டில் வைத்து எவ்வளவு வாங்கினாய் என்று கேட்கவில்லை. வீட்டுக்காரர் ஒரு தடவைகூட வேலையை விட்டுக் கோர்ட்டுக்கு அலையவில்லை. எனக்கு இன்றைக்கும் இது புரியவில்லை. யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

தீர்ப்பன்று அவனுடைய அக்கா போன் செய்தது. "விட்டுட்டாங்க அண்ணா. ஆனா அவன் செய்யலன்னு எழுதல. நிரூபிக்கலன்னுதான் எழுதியிருக்கு."

மறுபடி வேலைக்கு எடுக்கும்படி கான்ட்ராக்டரிடம் கேட்டேன். "கேஸ் இருந்த ஆளு மேஸ்திரி, வீட்டுக்காரங்க பயப்படுவாங்க" என்றார். அந்த முகத்துக்கு அவர்கள் கேஸுக்கு முன்னாலேயே பயந்தார்கள் என்ற வார்த்தை வாய் வரைதான் வந்தது. அவன் ஊருக்குப் போய்விட்டான். பக்கெட் வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

மறுநாள் நீங்கள் பள்ளிக்கூடம் போயிருந்தீர்கள், உங்கம்மா கார்மெண்ட்ஸுக்குப் போயிருந்தாள். நான் வேலைக்குப் போகாமல் அந்தக் கதைப் புத்தகத்தை எடுத்து, கோர்ட்டில் படித்த மாதிரியே விரல் வைத்து முதல் பக்கத்திலிருந்து படித்தேன். அசுரன் காட்டில் இருந்தான். ராஜகுமாரன் அந்தக் காட்டுக்கு வேட்டைக்கு வந்தான். அவ்வளவுதான் பாப்பா. அசுரன் என்ன செய்தான் என்று ஒரு வரி இல்லை.

ஜெராக்ஸை எடுத்துப் பின்பக்கம் பசை தடவி, நடுப்பக்கப் படத்துக்கு எதிர்ப்பக்கத்தில், என் கையெழுத்து நன்றாகத் தெரிகிற மாதிரி ஒட்டினேன். சுருக்கம் விழாமல் பட்டி பிளேடால் நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுத்து அழுத்தினேன். காயும் வரைக்கும் அவன் பக்கெட்டில் இறுகிப்போயிருந்த பட்டியைச் சுரண்டி எடுத்துக் கழுவினேன். அதிலிருந்து முன்பே எடுத்துத் துவைத்து வைத்திருந்த அவன் மாற்றுச் சட்டையை அடியில் போட்டு, அதன் மேல் புத்தகத்தை வைத்து, மூடியை அழுத்திப் பரணில் ஏற்றினேன்.