முயலின் மேற்படிப்பு

வீட்டில் அவளுக்கு முயல் என்று பெயர். சின்ன வயதில் கதவு படாரென்று சாத்தினாலே கட்டிலுக்கடியில் போய்விடுவாள் என்று அண்ணன் வைத்தது. அவள் கால்நடை டாக்டரானபோது, மாட்டுக்கு முயல் வைத்தியமா என்று கேட்டுச் சிரித்தவனும் அவன்தான்.

வேலைக்குச் சேர்ந்த மறுவருஷமே அறுவை சிகிச்சை மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லிவிட வேண்டும். இப்போதே போய்விடு, சம்பளத்துக்குப் பழகிவிட்டால் புத்தகம் பக்கம் கை போகாது என்றாள் அம்மா. கொஞ்சம் வேலை பார்த்துவிட்டுப் போனால் என்ன குடிமுழுகிவிடும் என்றான் அண்ணன். இரண்டுமே சரியாகப் பட்டதால் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

யாரிடமும் சொல்லாத காரணம் ஒன்றும் இருந்தது. ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் என்றைக்கு வேண்டுமானாலும் அறுவைக் கத்தியை அவள் கையில் கொடுத்துவிடலாம். கல்லூரி என்றால் பக்கத்தில் எப்போதும் யாராவது நிற்பார்கள். தனக்கு இருப்பது படிப்பாசையா, ஓடி ஒளிகிற ஆசையா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

திங்கட்கிழமை காலை பெரிய டாக்டர் வெளியூரில் இருந்தார். பால் பண்ணை நடத்தும் ஓர் அம்மா ஃபோன் செய்தார்: மாடு முக்கி முக்கி ஓய்ந்துவிட்டது, கன்று வரவில்லை. போய்க் கை விட்டுப் பார்த்தாள். கன்று பெரிது, வழி சிறிது. கன்றின் குளம்பிடுக்கில் கிள்ளினாள், கால் வெடுக்கென்று உள்ளே போயிற்று. உயிர் இருந்தது. அதுதான் அவளை இன்னும் கலக்கியது. ஃபோனில் பெரிய டாக்டர், தான் வரும்வரை தாங்காது, வயிற்றைத் திறந்துவிடு என்றார்.

“நீங்க இதுக்கு முன்னாடி பண்ணியிருக்கீங்களாம்மா?” என்றார் பண்ணை அம்மா.

பொய் நாக்கு நுனிவரை வந்தது. “கூட நின்னு பார்த்திருக்கேன். தனியா பண்ணதில்ல.”

“பண்ணலன்னா?”

“ரெண்டும் போயிடும்.”

“அப்ப பண்ணுங்க. நான் தலையப் பிடிச்சுக்கறேன்.”

விலாவில் மரத்துப்போக ஊசி போட்டு, நின்றபடியே மாட்டைத் திறந்தாள். கை எப்படியோ வேலை செய்தது. கன்றை இழுத்துப் போட்டதும் அது தும்மியது. அவள் தையல் போட்டு முடித்துவிட்டு, கொட்டகைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை பார்க்கப் போனால் தையல் வீங்கியிருந்தது. ஓரம் பிரித்தாள், சீழ் வந்தது. எங்கே தவறினோம் என்று தெரியவில்லை. இப்போதே கல்லூரிக்குப் போய்விட்டால் அது கடைசிவரை தெரியாமலே போகும் என்று தோன்றியது. அங்கிருந்தே கல்லூரிக்குப் பேசினாள். இடத்தை ஒரு வருஷம் நிறுத்திவைக்க முடியுமா என்று கேட்டாள். முடியாது, மறுபடி தேர்வு எழுத வேண்டும் என்றார்கள். அப்படியானால் இடம் வேண்டாம் என்று சொன்ன குரல் அவளுக்கே கேட்கவில்லை. வாழ்க்கையையே தொலைத்துவிட்டது போல அன்று முழுக்க இருந்தது. அம்மா பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

புண் ஆற வெகுநாள் ஆயிற்று. மாடு பிழைத்தது. அதன் பிறகு எத்தனையோ மாடுகளைத் திறந்தாள், ஒன்றிரண்டைப் பறிகொடுத்தாள். பிறகு தேர்வு எழுதி ஒருமுறை தோற்று, அடுத்த முறை இடம் வாங்கினாள். வகுப்பில் மற்றவர்களைவிட வயதில் மூத்தவள். முதல் அறுவைக்கு யார் வருகிறீர்கள் என்று பேராசிரியர் கேட்டபோது உள்ளங்கை வியர்த்தது. துடைத்துக்கொண்டு எழுந்தாள்.