பகவதியம்மாள் போட்ட ஓட்டு

பூதப்பாண்டியில் பிரசவம் என்றால் பகவதியம்மாளைத்தான் கூப்பிடுவார்கள். ஊர் அப்போது திருவனந்தபுரம் ஆட்சியில் இருந்ததால், பிறந்த பிள்ளைகளின் விவரத்தை அரசு அலுவலகத்தில் மலையாளத்தில் எழுதுவார்கள். தமிழ் நன்றாக வாசிக்கிற அவள், அந்தத் தாளில் மட்டும் ஒன்றும் புரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவாள். அந்த எரிச்சலில்தான் நாஞ்சில் நாடு தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தாள்.

அடுத்த வீட்டிலிருந்த அண்ணன் நாராயணபெருமாளுக்கு அது பிடிக்கவில்லை. "திருவனந்தபுரம்னா காலையில போயிட்டு சாயங்காலம் வந்திரலாம். மெட்ராஸ் எங்க கிடக்கு?" என்பார். 1954 தேர்தலில் அவர் காங்கிரசுக்கும், அவள் இணைப்பு கேட்ட கட்சிக்கும் வீடு வீடாக ஓட்டுக் கேட்டார்கள். ஒருநாள் ஒரே முற்றத்தில் எதிர்ப்பட்டு, வாய்ச்சண்டையாகி, பேச்சே நின்றுபோனது.

ஓட்டுப் போடும் நாள் காலை அவள் புதுச்சேலை உடுத்திப் புறப்படும்போது அண்ணன் வாசலில் வந்து நின்றார். முகம் வெளிறியிருந்தது.

"மருமகளுக்கு வலி கண்டுட்டு. வருவியா?"

"இதென்ன கேள்வி அண்ணே?"

உடுத்திய சேலையோடு ஓடினாள். தலைப்பிரசவம், பிள்ளை லேசில் வரவில்லை. உச்சிப்பொழுதும் தாண்டியது. நாலரை மணிக்குத்தான் பெண் குழந்தை வீறிட்டு அழுதது. பகவதியம்மாள் கைகழுவிக்கொண்டே, "போகட்டும், ஓட்டு இன்னும் எத்தனையோ வரும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வெளியே வந்தால் நாராயணபெருமாள் வண்டியில் காளைகளைப் பூட்டி நின்றார்.

"ஏறுட்டி. அஞ்சு மணிக்குக் கதவை அடைச்சிருவான்."

"நான் உங்க ஆளுக்கு எதிராத்தான் போடுவேன்."

"தெரியும். பேத்தியைச் சாக்காக்கி உன் ஓட்டைப் பறிச்சேன்னு எவனும் என்னைச் சொல்லப்பிடாது, கேட்டியா?"

வண்டி பறந்தது. பள்ளிக்கூட வாசலில் அவருடைய கட்சிக்காரர்கள் சிரித்தார்கள். "அண்ணாச்சி, எதிர்க்கட்சிக்கா வண்டியடிக்கீரு?"

"என் தங்கச்சிக்கு அடிக்கேன்" என்றார் அவர்.

கடைசி ஆளாக உள்ளே போய், ஆளுக்கொன்றாக வைத்திருந்த பெட்டிகளில் தான் நினைத்த ஆளின் பெட்டியில் சீட்டைப் போட்டாள். திரும்பும் வழியெல்லாம் இருவரும் பழைய சண்டையையே பழைய சத்தத்தில் போட்டார்கள். இரண்டு மாதம் பேசாததற்கும் சேர்த்துப் பேசினார்கள்.

1956 நவம்பர் முதல் தேதி நாஞ்சில் நாடு சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. பகவதியம்மாள் பாயசம் வைத்து அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோனாள். அவர் இரண்டு தம்ளர் குடித்து, மீசையைத் துடைத்தார்.

"பாயசம் நல்லாருக்கு. மெட்ராஸ்காரன் முதல்ல ரோட்டைப் போடட்டும், மத்ததைப் பொறவு சொல்லுகேன்."