பெயர் சொல்லி ஜெபிக்கும் ஞாயிறு

உங்கள் எட்டு வயது மகளுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வரவில்லை என்பதை, ஊரே கூடியிருக்கும் இடத்தில் ஒலிபெருக்கியில் சொன்னால் அதை அன்பு என்று எடுத்துக்கொள்வீர்களா?

கேரள எல்லையோரம், குன்னத்துகாலுக்குப் பக்கத்து மிஷன் எல்.பி. (தொடக்க) பள்ளிக்கூடத்தில் எல்லோரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் வரும் முதல் ஞாயிறுக்குப் பள்ளி ஞாயிறு என்று பெயர். அன்று ஆராதனையின் முடிவில் போதகர் அந்த ஆண்டுக்கான பள்ளியின் இலக்குகளை வாசிப்பார். கழிப்பறைக்குக் கதவு, காய்கறித் தோட்டம், ஆங்கிலப் பேச்சு என்று அது போகும். கடைசி இலக்கு மட்டும் எந்த ஆண்டும் மாறாது. எல்லாப் பிள்ளைகளும் தடங்கலின்றி வாசிக்க வேண்டும். அதைச் சொன்ன கையோடு, வாசிக்கத் திணறும் பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைப்பார். பெயர் கேட்ட பிள்ளை தாய் தகப்பனோடு முன்னால் போய் முழங்காலில் நிற்க வேண்டும். சபை முழுவதும் கைநீட்டி ஜெபிக்கும். சில தாய்மார் அழுவார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு இதைச் செய்யவில்லை. அதனால்தான் யாரும் இதைக் கேள்வி கேட்கவும் இல்லை.

பெயர்களை எழுதிக் கொடுப்பது வகுப்பு ஆசிரியரின் வேலை. மூன்றாம் வகுப்புக்கு ரத்னபாய். ஆரியங்கோட்டில் ரப்பர் பால் வெட்டியவரின் மகள். திருமணமாகி இந்தச் சபைக்கு வந்தவர். பல ஆண்டுகள் தினக்கூலி ஆசிரியையாக இருந்து நிரந்தரமானவர். பாடகர் குழுவில் அவர் குரல் இல்லாத கிறிஸ்துமஸ் கிடையாது. வகுப்பில் சாக்பீஸ் கையோடு தலையைச் சொறிந்துகொள்வதால் மத்தியானத்துக்குள் பாதி முடி நரைத்துவிடும். பிள்ளைகள் அதற்குச் சிரிப்பார்கள், அவரும் சேர்ந்து சிரிப்பார். ஆண்டுதோறும் மறுப்பில்லாமல் அவரும் பெயர்களை எழுதிக் கொடுத்தார்.

மே மாதத்தில் ஆட்டோ ஓட்டும் ஷிஜு அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார். மகள் லிஷா மூன்றாம் வகுப்புக்கு வருகிறாள். வீட்டில் தமிழ் கலந்த பேச்சு, பாடப் புத்தகத்தில் வேறு மலையாளம். அவளுக்கு எழுத்து இன்னும் பிடிபடவில்லை. உட்காரச் சொல்லியும் ஷிஜு உட்காரவில்லை.

“டீச்சரே, இவளுக்க பேர மட்டும் வாசிக்கப்பிடாது. மூத்தவனுக்கு வாசிச்சாவ இல்லியா? அதுக்குப் பொறவு அவன் புக்கத் தொட்டதே இல்ல.”

அவர் போன பிறகு ரத்னபாய்க்குத் தம் பழைய வகுப்புகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. திணறியவர்களில் இந்துக் குடும்பத்துப் பிள்ளைகளும் உண்டு. வேறு மதத்துப் பிள்ளையைச் சபையில் முன்னால் அழைக்க முடியாது என்பதால் அவர்கள் பெயர் வாசிக்கப்பட்டதில்லை. போன ஆண்டின் தீபு அப்படி ஒருவன். தப்புத் தப்பாக வாசித்தான், மற்றவர்கள் சிரித்தபோது தானும் சிரித்தான், திரும்ப வாசித்தான். கிறிஸ்துமஸ் பரீட்சைக்குள் ஒரு பக்கத்தைத் திணறாமல் வாசித்துவிட்டான். அதே பெஞ்சில், அதே புத்தகத்தோடு, அதே ஆசிரியையிடம் இருந்த ஜெபிக்கப்பட்ட பிள்ளைகளோ வாயைத் திறக்கவில்லை. வாசிக்கச் சொன்னால் சுவரைப் பார்த்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் கண்முன்னால் நடந்தது இது. ஒப்பிட்டுப் பார்க்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

மே கடைசியில் சபை மண்டபத்தில் இலக்குகளை முடிவு செய்யும் கமிட்டி கூடியது. பள்ளியின் உள்ளூர் மேலாளரான போதகர் சுவாமிதாஸ் தலைமை வகித்தார். இங்கே அவரை அச்சன் என்றுதான் கூப்பிடுவார்கள். ரத்னபாய் எழுந்து தாம் கண்டதைச் சொன்னார். பெயர் வாசிக்கப்பட்ட பிள்ளைகள் பின்தங்கினார்கள், பெயர் வாசிக்கப்படாத பிள்ளைகள் முன்னேறினார்கள். ஆகவே பெயர் வாசிப்பதை நிறுத்துவதே இந்த ஆண்டின் முதல் இலக்காக இருக்கட்டும் என்றார்.

போதகர் கல்நெஞ்சக்காரர் அல்ல. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“கேக்க வேதனையாட்டு இருக்கு டீச்சரே. இத்தன வருஷம் அந்தப் பிள்ளியள நாம ஜெபத்துல சேக்காம விட்டுட்டோம். இந்த வருஷம் அவங்களுக்க பேரையும் வாசிப்போம்.”

சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். பெற்றோரிடம் பேசி அழைத்து வரலாம் என்றார் ஒருவர். நல்ல மனசு என்றார் இன்னொருவர். மருந்து கொடுத்த பிள்ளைகள் நோயில் விழுந்தார்கள் என்று சொன்னால், மற்றப் பிள்ளைகளுக்கும் அதே மருந்தைக் கொடுக்கச் சொல்லும் மனசு அது. ரத்னபாய் மறுபடி விளக்கினார். வாசிக்கக் கற்றவர்கள் பெயர் சொல்லப்படாதவர்கள்தான் என்றார். அது கர்த்தருக்க கிருபையாக்கும் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“அப்போ கிருபை பேரு வாசிக்காத பிள்ளியளுக்குத்தான் கூடுதலா கெடைக்குதா?”

என்று கேட்டார் ரத்னபாய். தலைமை ஆசிரியர் ஞானசிகாமணி சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றினார். “காஞ்சிரங்குளத்துப் பக்கம் நம்ம மிஷனுக்கு ஒரு ஸ்கூல் உண்டு டீச்சரே. கடல் காத்து. தல சூடு நல்லா எறங்கும்.” எல்லோரும் சிரித்தார்கள். இடமாற்றம் என்ற சொல்லை அவர் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. மூன்றாம் வகுப்பின் பெயர்களைத் தர முடியாது என்றார் ரத்னபாய். மதிப்பெண்கள் ஆபீசில் இருக்கின்றன, தாமே எழுதிக்கொள்வதாகத் தலைமை ஆசிரியர் சொன்னார்.

பள்ளி ஞாயிறு வந்தது. ஷிஜு மனைவியோடும் லிஷாவோடும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். வராமலிருந்தால் இன்னும் கூடுதலாகப் பேசுவார்கள் என்று வந்திருந்தார். லிஷா அம்மாவின் சேலை முந்தானையை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். மகள் பெயர் வந்தால் எழுந்து முன்னால் போவதா, அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே போவதா என்று ஷிஜுவுக்கு அதுவரை தீர்மானம் இல்லை.

கழிப்பறைக் கதவு முடிந்தது. தோட்டம் முடிந்தது. கடைசி இலக்கையும் வாசித்துவிட்டுப் போதகர் பைபிளுக்குள்ளிருந்து தாளை எடுத்தார். அப்போது ரத்னபாய் பாடகர் குழுவை விட்டு இறங்கி, முன்னால் வந்து முழங்காலில் நின்றார்.

“அச்சன் எனக்க பேர முதல்ல வாசிக்கணும். படிப்பிக்காதது நானாக்கும்.”

மைக் அதைச் சபைக் கோவிலின் கடைசிச் சுவர்வரை கொண்டுபோனது. டீச்சருக்கும் எழுத்துத் தெரியாதோ என்று ஆண்கள் பக்கம் யாரோ கேட்க, கொஞ்சம் பேர் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கிய பிறகும் ரத்னபாய் எழவில்லை. முன்வரிசையில் ஞானசிகாமணி செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை வாசிக்காததற்கு ஆசிரியை முழங்காலில் நின்றால் தலைமை ஆசிரியர் எங்கே நிற்பது என்ற கணக்கு அவருக்கும் புரிந்திருக்க வேண்டும்.

போதகர் தாளைப் பார்த்தார். அதில் இல்லாத பெயரைச் சொன்னார். “மூணாம் கிளாஸ் டீச்சர் ரத்னபாய்.” கைகள் ஒவ்வொன்றாக, தயங்கித் தயங்கி நீண்டன. ஜெபம் குளறியது. முடிந்ததும் அவர் தாளை மடித்துப் பைபிளுக்குள்ளேயே வைத்துவிட்டு ஆசீர்வாதம் கூறினார்.

லிஷாவின் பெயர் வாசிக்கப்படவில்லை. வெளியே ஆட்டோவின் அருகே அவள் ஆசிரியையிடம் நேராகக் கேட்டாள்.

“டீச்சருக்கும் வாசிக்கத் தெரியாதா?”

“உன்னப் படிப்பிக்கத் தெரியல்ல மக்கா. நாளைக்கு வாறேன், ரெண்டு பேருமாட்டுப் படிப்போம்.”

இப்போது லிஷா சத்தமாக, நிறையத் தப்போடு வாசிக்கிறாள். ஆனால் கமிட்டி வழக்கத்தை நிறுத்தவில்லை, அந்த ஒரு ஞாயிறு தப்பியது, அவ்வளவுதான். அடுத்த ஆண்டுக்கான வரைவில் கடைசி இலக்கு பழையபடியே இருக்கிறது, பெயர் வாசிப்பும் இருக்கிறது. காஞ்சிரங்குளத்துக் கடல் காற்றைப் பற்றிய பேச்சும் ஓயவில்லை. அடுத்த ஜூனில் ரத்னபாய் அந்தக் கோவிலில் இருப்பாரா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே உங்களைக் கேட்கிறேன். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு மேடையோ, அறிவிப்புப் பலகையோ, காலை அசெம்பிளியோ இருக்கும். அங்கே ஒரு பிள்ளையின் பெயர் வாசிக்கப்படும் முன் எழுந்து நில்லுங்கள். உங்கள் பெயரை முதலில் வாசிக்கச் சொல்லுங்கள்.