என் சாரனைப் பிடித்த கை

அக்குறணையில் என் தங்கையின் நிக்காஹ் அன்று, அவளிடம் சம்மதம் கேட்கும்போது அறையில் இருந்தவர்கள் எங்கள் உம்மா, சாட்சிகளாக இரண்டு மாமாமார், தங்கை, நான். வாப்பா மௌத்தாகி அடக்கமாகிவிட்டதால் கேட்கும் பொறுப்பு அண்ணன், அவளுக்கு நானா என்பதால் எனக்கு.

நான் அதிகம் ஓதிப் படிக்காதவன். வார்த்தை பிசகிவிடுமோ என்ற பயத்திலேயே கேட்டேன். அவள் தலை குனிந்திருந்தாள், பேசவில்லை.

“கொமருப் புள்ள பேசாம ஈந்தா சம்மதம்தான். வாங்க, மாப்புள காத்துக்கொண்டு ஈக்கார்” என்றார் பெரிய மாமா.

எழுந்தேன். தங்கை நான் உடுத்தியிருந்த சாரனின் ஓரத்தை இறுக்கிப் பிடித்திருந்தாள். பிரியப்போகும் கவலை என்று நினைத்து, குளிர்ந்துபோயிருந்த அந்த விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டுப் போனேன்.

சில மாதங்களில் அவள் திரும்பி வந்துவிட்டாள். மாப்பிள்ளைக்கு மாத்தளையில் மனைவியும் பிள்ளையும் இருந்தார்கள். கல்யாணத்தன்று காலையிலேயே அது அவள் காதில் விழுந்திருக்கிறது.

“அண்டைக்கே ஒரு வார்த்த செல்லியிருக்கலாமே புள்ள?” என்று கேட்டேன்.

“மாமாமாருக்கு முன்னால வாயால செல்ல ஏலாமத்தான் நானா, ஒங்கட சாரன புடிச்சேன்.”

இப்போது இளைய தங்கைக்குச் சம்பந்தம் பேசுகிறார்கள். அவளைத் தனியே இருத்தி, முகத்தையும் கையையும் பார்த்துக்கொண்டுதான் கேட்கிறேன். அப்படியும் மனம் ஆறுவதில்லை. மூத்தவளுக்குத் தலாக் ஆகிவிட்டது. மாப்பிள்ளை அவளுக்குக் கொடுக்கவேண்டிய மஹர்ப் பணம் இருநூற்றைம்பது ரூபாய்கூட இன்னும் வரவில்லை.