தார் டெண்டரும் ராகுகாலமும்

கொட்டாஞ்சேனையில் எங்கள் முதலாளி, தெருப் போடும் அரசாங்கக் கந்தோருக்குத் தார் பீப்பாய்கள் கொடுத்துவந்தார். நான் அவருடைய டைப்பிஸ்ட். வெள்ளவத்தையிலிருந்து தினமும் பஸ் பிடித்துப் போவேன். இன்றைக்கும் எங்காவது தெருவில் தார் காய்ச்சும் மணம் வந்தால் மனம் அந்தக் கடைக்கே ஓடிவிடும். நல்ல காலம் என்று சொன்னால் சிரிப்பார்கள், சண்டைக்காலம் அல்லவா. சிரிக்கட்டும். எனக்கு அது நல்ல காலம்தான்.

டெண்டர் உறைக்கு அரக்கு வைத்து, பொரளைப் பக்கமிருந்த கந்தோர்ப் பெட்டியில் போட வேண்டும். இரண்டு மணிக்குப் பெட்டியை மூடுவார்கள். பிந்தி வந்த உறையைத் தொடவே மாட்டார்கள். பிறகு போட்டவர்கள் முன்னிலையில் பிரித்து விலையை உரக்க வாசிப்பார்கள். குறைந்த விலைக்காரருக்கு வேலை. ஒரேயொரு உறைதான் வந்ததென்றால் போட்டியில்லை என்று ரத்துச் செய்து, மறுபடி கேட்பார்கள். சண்டை முற்ற முற்ற மற்றவர்கள் கழன்றுவிட்டார்கள். மிஞ்சியது எங்கள் முதலாளியும் பேலியகொடைச் சிங்கள முதலாளி ஒருவரும். இரண்டு பேரும் ஒரே மர வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஆளையாள் நக்கலடித்தபடி வாசிப்புக்குக் காத்திருப்பார்கள்.

ஒருமுறை, இந்த வேலையும் கிடைக்காவிட்டால் கடையைப் பூட்டுவதென்று முதலாளி சொல்லிவிட்டார். என் சம்பளத்தில்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது. மனிதரோ, புதன்கிழமை ராகுகாலம், ஒன்றரை தாண்டாமல் படியிறங்க மாட்டேன் என்று நின்றார். படித்துப் படித்துச் சொல்லிப் பார்த்தேன்.

"பிள்ளை, ராகுகாலத்தில வெளிக்கிட்டா போன காரியம் சரிவராது" என்றார்.

சரிவந்த மாதிரித்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டோவில் ஏறினேன்.

தெமட்டகொடைச் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். இரண்டு பேருடைய அடையாள அட்டையிலும் யாழ்ப்பாணம் என்றிருந்தது. ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்துப் பேலியகொடைக்காரரின் வேன் வந்தது. கடைசி நிமிஷத்தில் உறையோடு வருவது அவர் வழக்கம். எங்களைக் கண்டதும் இறங்கி, ஆமிக்காரனிடம் சிங்களத்தில் கதைத்துப் பார்த்தார். அவன் மசியவில்லை. முதலாளியிடம் வந்து, அண்ணன் என்று சிங்களத்தில் கூப்பிட்டுக் கையை நீட்டினார்.

"அய்யே, கவரக் குடுங்க. நான் போடுறேன்."

போட்டிக்காரனிடமா? பாலுக்குப் பூனை காவலா? முதலாளி உறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கொடுத்துவிட்டார்.

எங்களை விட்டபோது இரண்டு மணி எப்போதோ தாண்டியிருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் வாசித்து முடித்துவிட்டார்கள். எங்கள் விலைதான் குறைவு, வேலை எங்களுக்கு. பேலியகொடைக்காரர் வாங்கில் இருந்தபடியே, இன்றைக்குப் பிளேன்டீ வென்றவர்கள் செலவு என்றார். தன் உறை தனித்துப்போனால் டெண்டர் ரத்தாகிவிடும் என்ற பயத்தில்தான் போட்டார் என்று கொட்டாஞ்சேனையில் கதைத்தார்கள். நானும் அதைப் பாதி நம்பினேன்.

சில வருஷங்களில் முதலாளி பிள்ளைகளிடம் கனடாவுக்குப் போய்விட்டார். கடையை மூடுவதற்காக நான் தனியாகச் சாமான்களை ஒதுக்கிக்கொண்டிருந்தபோது டெலிபோன் அடித்தது. பேலியகொடைக்காரர். அன்றைய டெண்டரில் தன் உறை மட்டும்தான், ரத்தாகிவிட்டது என்றார். அடுத்த முறை வேறு யாராவது போடுவார்கள், உங்களுக்கே கிடைக்கும் என்று ஆறுதல் சொன்னேன்.

"அதுக்கில்ல மிஸ்" என்றார். "வாங்கில நான் தனிய இருந்தேன்."